இரு நண்பர்கள், ஒரு மோட்டார் சைக்கிள், சேஷாசலக் காடு

பெங்களூரிலிருந்து திருப்பதிக்கு ரயில் உண்டு, பஸ் உண்டு. இருந்தாலும், இரண்டு நாள் விடுமுறை சேர்ந்து வந்துவிட்டால், நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடும் இளைஞர்கள் ஏராளம். தூரம் சுமார் 250 கிலோ மீட்டர். தார்ப்பாய், போர்வை, சிறு அடுப்பு இவற்றைக் கட்டிக்கொண்டு, வழியில் எங்காவது காட்டோரம் படுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். பயணம் இனியதுதான். ஆனால் படுக்கும் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போகும் ஆசை புதிதல்ல. டெட் சைமன் என்ற பத்திரிகையாளர் 1973-ல் லண்டனிலிருந்து டிரையம்ப் வண்டியில் புறப்பட்டு, நான்கு ஆண்டுகளில் உலகைச் சுற்றி வந்தார். இந்தியாவுக்கும் வந்தார். நம் பக்கத்தில் 1955 முதல் திருவொற்றியூரில் உருவான புல்லட்டும், மைசூரில் தயாரான ஜாவா, எஸ்டி வண்டிகளும் பலருடைய கனவாக இருந்தன.

பாதை எப்படி?

ஓசகோட்டை, கோலார் தாண்டினால் முல்பாகல். தோசைக்குப் பெயர் போன ஊர். வயிறாரச் சாப்பிட்டு, வண்டிக்கும் சற்று ஓய்வு கொடுக்கலாம். நங்கலியைக் கடந்தால் ஆந்திரம். பலமநேரை ஒட்டிய கவுண்டின்யா சரணாலயத்தில் யானைகள் உண்டு. எனவே இருட்டுவதற்குள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுவது நல்லது.

அடுத்து மொகிலி கணவாய். பாரம் ஏற்றிய லாரிகள் இறங்கும் சரிவு. பின்னால் ஆளும் மூட்டையும் இருக்கும்போது வண்டி சீக்கிரம் நிற்காது. கீழ் கியரில், என்ஜின் பிடிப்பிலேயே மெல்ல இறங்க வேண்டும். கனமான சாமானைக் கடைசியில் கட்டினால் முன்சக்கரம் லேசாகித் தடுமாறும். அதை ஆளை ஒட்டித் தாழ்வாகக் கட்ட வேண்டும். பின் டயருக்குக் கொஞ்சம் கூடுதல் காற்று வேண்டும். ஹெல்மெட் இருவருக்கும் அவசியம்.

சித்தூரில் தமிழ்

சித்தூருக்கு வந்தால் கடைத்தெருவில் தமிழ் காதில் விழும். வியப்பில்லை. 1911-ல் அமைந்த பழைய சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960-ல் திருத்தணி தமிழகத்துக்குக் கிடைத்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

திருப்பதிக்குச் சற்று முன்னால் சந்திரகிரிக் கோட்டை. 1639-ல் ஆங்கிலேயருக்குச் சென்னைக் கடற்கரையில் இடம் கிடைத்த காலத்தில், சந்திரகிரி விஜயநகர அரசர்களின் தலைநகராக இருந்தது. கோட்டையில் உள்ள ராஜ மகால் இப்போது அருங்காட்சியகம்.

திருமலைக்கு ஏற 1974-ல் அமைத்த இரண்டாவது மலைப்பாதை. இறங்க 1944-ல் திறந்த முதல் பாதை. அலிபிரியில் சோதனை உண்டு. மது, மாமிசம், புகையிலை கொண்டு செல்லக் கூடாது. 2023 ஆகஸ்டில் நடைபாதையில் ஒரு சிறுமி சிறுத்தைக்குப் பலியானதை அடுத்து, இருசக்கர வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடு வந்தது. நேரம் அவ்வப்போது மாறுவதால், முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

காட்டில் படுக்கலாமா?

கூடாது. சேஷாசலம் சிறுத்தை உலவும் காடு மட்டுமல்ல, செம்மரக் காடு. 2015 ஏப்ரல் 7-ந் தேதி அங்கே ஆந்திர அதிரடிப்படையினர் சுட்டதில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் மாண்டனர். மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கியதால் சுட்டதாகப் போலீஸ் தரப்பு கூறியது. பஸ்சிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ச் சுட்டதாக உறவினர்களும் மனித உரிமையாளர்களும் குற்றம் சாட்டினர். இறந்தவர்களில் பலர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைக் கூலிகள். அந்தக் குடும்பங்களின் கண்ணீர் எளிதில் காயக்கூடியதல்ல.

இரவில், அனுமதியின்றி, காட்டுக்குள் தீ மூட்டி உட்கார்ந்திருக்கும் இரண்டு தமிழ் இளைஞர்களை வனக் காவலர் யாரென்று நினைப்பார்? "சும்மா ஊர் சுற்ற வந்தோம்" என்ற பதில் அந்த நேரத்தில் எடுபடாது. கோடையிலோ, ஒரு தீப்பொறியே காட்டுக்கு எமன்.

இயற்கையோடு தங்கியே தீர வேண்டுமென்றால் தலக்கோனா இருக்கிறது. 270 அடி உயர அருவி. அங்கே முறைப்படி பதிவு செய்து தங்க விடுதிகள் உண்டு. பணம் குறைவென்றால் திருப்பதியில் தேவஸ்தானத்தின் சத்திரங்கள் இருக்கின்றன. லைசென்ஸ், ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டை நான்கும் கையில் இருக்கட்டும். தங்கும் இடத்தை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

வழியில் யாராவது, "ஒரு ராத்திரி வேலை, கைநிறையக் கூலி" என்று காட்டுப் பக்கம் அழைத்தால், வண்டியை நிறுத்தாமல் வந்துவிடுங்கள். அந்த வேலைக்கு ஆள் பிடிப்பவர் காட்டுக்குள் வருவதில்லை, மாட்டிக்கொள்பவன் கூலிதான்.