பிள்ளை ஏன் சின்னதாப் பிறக்குது?

பிள்ளை பிறந்ததும் நம்ம ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, ஆணா பெண்ணா? அடுத்தது, "எத்தனை கிலோ?" 2.5 கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைந்த பிள்ளை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதற்குக் குளிர் தாங்காது, நோய் சீக்கிரம் தொற்றும். உடனே மாமியார், "அவ குடும்பமே குள்ளந்தானே" என்று மருமகள் மேல் பழியைப் போட்டுவிடுவார்.

பெற்றோர் உடம்புக்கும் பிள்ளை எடைக்கும் சம்பந்தம் உண்டுதான். ஆனால் சரிபாதி இல்லை. கேம்பிரிட்ஜில் பெரிய ஷயர் குதிரையையும் குட்டையான ஷெட்லாண்ட் குதிரையையும் இணைத்துப் பார்த்த ஆய்வு 1938-இல் வெளிவந்தது. தாய் பெரிசானால் குட்டி பெரிசு. தாய் சின்னதானால், தகப்பன் எவ்வளவு பெரிசானாலும் குட்டி சின்னது! மனிதரிலும் தகப்பன் உயரம் கொஞ்சந்தான் பேசும். அது பிள்ளை வளர வளரத்தான் நன்றாகத் தெரியும். பிறக்கும்போது தாயின் உயரம், கருத்தரித்த நேரத்து எடை, பிறகு ஏறிய எடை, உடம்பில் இரத்தம் இருக்கிற அளவு, இவைதான் பெரும்பங்கு.

சரி, தாய் ஏன் குட்டை? பரம்பரை ஒரு பக்கம் இருக்கட்டும். பால்மரக் காலத்தில் பெற்றோர் விடியுமுன்னே பிரட்டுக்குப் போய்விட, மூத்த மகள் தம்பி தங்கைகளுக்கு ஆக்கிப் போட்டு, சட்டியில் மிஞ்சியதைத் தின்றாள். எலும்பு வளர வேண்டிய வயசு அது. அந்தப் பசிதான் அவள் பிள்ளையின் எடையில் வந்து நிற்கிறது. வயிற்றில் இருக்கிற பெண் குழந்தைக்கு மட்டுமல்ல, வீட்டில் ஓடி விளையாடுகிற பெண் குழந்தைக்கும் முட்டை, மீன், கீரை கொடுக்கணும் என்று நான் சொல்வது இதனால்தான்.

"நிறையத் தின்னா பிள்ளை பெரிசாகும், பிரசவம் கஷ்டம்" என்று கர்ப்பிணிக்குச் சோற்றைக் குறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து விட்டுவிடுங்கள்! தாய் குட்டை என்றால் கிளினிக்கில் தனியாகக் கவனிப்பார்கள். குளுவாங், சிகாமட் பக்கம் உள்தோட்டத்தில் இருப்பவர்கள் தூரத்தைப் பார்க்காமல் மூன்று மாதத்துக்குள்ளேயே பதிந்துகொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை அலமாரியில் சேர்த்து வைக்காதீர்கள்.

செம்பனையில் உர மூட்டை தூக்குகிற, மருந்து அடிக்கிற கர்ப்பிணிகள் லேசான வேலை கேட்க வெட்கப்பட வேண்டாம். 1.1.2023 முதல் பிரசவ விடுப்பு 98 நாள். அதைப் பிரசவத்துக்கு 30 நாள் முன்பிருந்தே தொடங்கலாம். ஆபீஸில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.