கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் சத்தமே வரலையா? 70 வளைவு இறங்கும் முன் இதைச் செஞ்சு பாருங்க!

கொல்லிமலையில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டால் அது சின்ன விஷயம் இல்லை. சோளக்காட்டிலிருந்து காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கப்புறம்தான் சேந்தமங்கலம், நாமக்கல். சி.பி.யு.வை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கி, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுக் கடையில் கொடுத்தால், "மியூட்ல இருந்துச்சுங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? வீடியோ பாடம் கேட்டுப் படிக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு நாளும் போச்சு. ஸ்கிரீன் ரீடரை நம்பி வேலை செய்யும் பார்வை மாற்றுத்திறனாளிக்கோ, சத்தம் இல்லையென்றால் கம்ப்யூட்டரே இல்லை.

அதனால் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கோளாறு ஸ்பீக்கரிலா, கம்ப்யூட்டரிலா?

இதற்கு மெக்கானிக் தேவையில்லை. ஸ்பீக்கரின் பின்னைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவி, இயர்போன் ஓட்டை உள்ள ஒரு செல்போனில் செருகிப் பாட்டு போடுங்க. பாடினால் ஸ்பீக்கர் நல்லா இருக்கு. பாடவில்லையென்றால் ஸ்பீக்கரின் அடாப்டர், ஒயர், வால்யூம் திருகு இவற்றைப் பாருங்க. அடுத்து அதே செல்போனின் இயர்போனைக் கம்ப்யூட்டரில் செருகுங்க. அதில் கேட்டால் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சின்ன ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் இரண்டு ஒயர் இருக்கும். யு.எஸ்.பி. ஒயர் கரண்டுக்கு மட்டும். சத்தம் வருவது 3.5 மி.மீ. பின் வழியாக. லைட் எரியுதே என்று யு.எஸ்.பி.யை மட்டும் செருகிவிட்டு உட்கார்ந்தால் சத்தம் வராது. சி.பி.யு.வின் பின்பக்கம் பச்சை ஓட்டைதான் ஸ்பீக்கருக்கு. பிங்க், மைக்குக்கு. நீலம், வெளியிலிருந்து உள்ளே வரும் சத்தத்துக்கு.

ஸ்பீக்கர் சரி, கம்ப்யூட்டர்தான் பேசவில்லை என்றால்? விண்டோஸில் கீழே வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை ரைட் கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸுக்குப் போங்க. 'அவுட்புட்' என்ற இடத்தில் எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்க. எச்.டி.எம்.ஐ. ஒயரில் மானிட்டர் மாட்டியிருந்தால், சத்தம் அந்த மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கும். அதில் ஸ்பீக்கரே இருக்காது! என்றைக்கோ இணைத்த புளூடூத் ஹெட்செட்டும் இப்படிச் சத்தத்தைத் திருடும். யூடியூப்பில் மட்டும் வரவில்லையென்றால் அந்தப் பிரவுசர் டேப் மியூட்டில் இருக்கலாம்.

அதிலும் சரியாகவில்லையா? டிவைஸ் மேனேஜரில் ஆடியோ கருவியை 'அன்இன்ஸ்டால்' செய்து கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால், விண்டோஸ் பெரும்பாலும் தானே டிரைவரைத் திரும்பப் போட்டுக்கொள்ளும். ஆனால் அப்போது டிரைவரையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். அதை டிக் செய்யாதீங்க. நெட் சரியாகக் கிடைக்காத ஊரில் டிரைவரை அழித்துவிட்டுத் தேடுவது பெரிய பாடு.

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி இன்னும் வீட்டில் இருக்கிறதா? அவற்றில் பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. யாரும் அதைத் திறப்பதில்லை என்பது வேறு கதை. ஆன் செய்யும்போது பாஸ் லினக்ஸில் நுழைந்து ஒரு பாட்டைப் போடுங்க. அங்கே சத்தம் வந்தால் கருவி பழுதில்லை, விண்டோஸின் டிரைவரோ செட்டிங்கோதான் குழப்பம்.

லேப்டாப்பில் இன்னொரு கோளாறும் உண்டு. இயர்போனை உருவிய பிறகும், அது இன்னும் செருகியிருப்பதாகவே லேப்டாப் நினைத்துக்கொள்ளும். ஓட்டைக்குள் இருக்கும் சின்னத் தகடு ஒட்டிக்கொள்வதுதான் காரணம். பின்னை நாலைந்து முறை செருகி எடுத்தால் பல நேரம் விட்டுவிடும்.

இந்த மலையில் மூடுபனியும் சாரலும் அதிகம். ஈரம் பட்டால் பின், ஜாக் ஆகியவற்றின் உலோகத்தில் களிம்பு பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் பாடுவது, பின்னைத் திருகினால் 'கரகர' என்பது எல்லாம் அதன் அறிகுறி. பின்னை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு செருகுங்க. எண்ணெய் போடாதீங்க, தூசிதான் சேரும். கரண்டில் ஓடும் ஸ்பீக்கரை வீட்டில் கழற்றவும் வேண்டாம். ஒயரை உருவிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

எல்லாம் பார்த்தும் கம்ப்யூட்டரில் ஆடியோ ஓட்டையே போய்விட்டது என்று தெரிந்தாலும், சி.பி.யு.வைச் சுமக்க வேண்டாம். யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு என்று பென்டிரைவ் அளவில் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. செருகி, அதில் ஸ்பீக்கர் பின்னை மாட்டி, அவுட்புட்டில் அதைத் தேர்வு செய்தால் போதும். நாமக்கல் போகும் யாரிடமாவது சொல்லிவிட்டால் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்துவிடுவார்.