துப்புரவில் போன ஒரு வரி

2020 அக்டோபரில் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளின் பதிவெழுதும் பகுதியைத் திருத்தி எழுதினார்கள். அங்கங்கே சிதறிக் கிடந்ததை ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவரும் நல்ல வேலைதான். அந்தத் திருத்தத்தில், ஒரு சின்னச் செயற்கூறுக்குள் இருந்த ‘இன்ன வசதி இருந்தால் மட்டும் இதைச் செய்’ என்ற நிபந்தனை வரி காணாமல் போனது. யார் கண்ணிலும் படவில்லை. 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் அதன் விளைவை அறிவித்தது. பாதிக்கப்பட வாய்ப்புள்ள சர்வர்கள் இணையத்தில் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்றது அந்த அறிவிப்பு.

தொலைவில் இருக்கும் சர்வருக்குள் மறையாக்கம் செய்த வழியில் நுழைய உதவுவது எஸ்எஸ்எச். சர்வர் பக்கத்தில் காத்திருந்து, வருகிறவர் யாரென்று சரிபார்த்து உள்ளே விடும் நிரல் எஸ்எஸ்எச்டி. திரையில் முகம் காட்டாமல் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் இத்தகைய நிரலை டீமன் என்பார்கள். இந்த டீமனுக்கு இயந்திரத்தின் முழு அதிகாரமும் உண்டு. அதில் ஓட்டை விழுந்தால் மொத்தமும் போச்சு.

முதல் எஸ்எஸ்எச்சை 1995-ல் பின்லாந்தின் டாட்டு யிலோனென் எழுதினார். போகப்போக அதன் உரிமத்தில் கட்டுப்பாடுகள் கூடின. தாராள உரிமத்தோடு வந்திருந்த பழைய பதிப்பு ஒன்றை 1999-ல் ஓப்பன்பிஎஸ்டி குழு எடுத்து, கழிக்க வேண்டியதைக் கழித்து, ஓப்பன்எஸ்எஸ்எச் என வெளியிட்டது. அப்போதே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். மூலக் குழு தன் சொந்த இயங்குதளமான ஓப்பன்பிஎஸ்டியை மட்டும் மனதில் வைத்து எழுதும். லினக்ஸ், மேக், சோலாரிஸ் என்று மற்ற ஊர்களுக்கு அதைக் கொண்டுபோவது ‘போர்ட்டபிள்’ என்ற இன்னொரு குழுவின் பாடு. அவர்களுடைய வெளியீடுகளில்தான் 9.7பி1 என்பதுபோல எண்ணோடு ‘பி’ ஒட்டியிருக்கும். இன்று நாம் லினக்ஸில் பயன்படுத்துவது அந்தப் ‘பி’ ரகம்.

சி மொழியில் எழுதினால் எங்கும் ஓடும் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுப்பார்கள். பாதி உண்மை. ‘லாங்’ என்ற எண் வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட் இடம் பிடிக்கும். 64 பிட் விண்டோஸில் 4 பைட்தான். ‘கேர்’ என்ற எழுத்து வகை இன்டெல் சிப்பில் குறை எண்களையும் ஏற்கும். லினக்ஸ் ஓடும் ஆர்ம் சிப்பில் ஏற்காது. கோப்பு முடிந்ததற்கு அடையாளமாக வரும் -1 என்ற மதிப்பை அந்த வகையில் வாங்கிப் பரிசோதிக்கும் நிரல், ஒரு கணினியில் ஒழுங்காக நிற்கும், இன்னொன்றில் நிற்கவே நிற்காது. கடவுச்சொல் இருந்த நினைவகத்தைக் கடைசியில் பூஜ்யத்தால் அழிக்கச் சொல்லி எழுதுவோம். ‘இதைத்தான் இனி யாரும் படிக்கப் போவதில்லையே’ என்று கம்பைலர் அந்த வரியையே தூக்கிவிடும். கேட்டால், மொழியின் விதி அனுமதிக்கிறது என்ற பதில் வரும்; அதுவும் சரிதான்.

ஆகவே போர்ட்டபிள் குழுவின் நிரலில் ‘ஓப்பன்பிஎஸ்டி-காம்பாட்’ என்று தனியாக ஒரு கோப்புறை. ஓப்பன்பிஎஸ்டியில் உள்ள, மற்ற இடங்களில் இல்லாத வசதிகளுக்கெல்லாம் அங்கே மாற்று எழுதி வைத்திருக்கிறார்கள். நிரலை நிறுவும் முன் ‘கன்ஃபிகர்’ என்ற ஸ்கிரிப்ட் ஓடி, இந்த இயங்குதளத்தில் எது உண்டு, எது இல்லை என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். அதன் முடிவை வைத்து ‘இஃப்டெஃப்’ நிபந்தனைகள் தேவையான வரிகளை மட்டும் கம்பைலரிடம் அனுப்பும். எழுத்துச்சரத்தை இடம் வழியாமல் நகலெடுக்கும் ஒரு சிறு செயற்கூறை ஓப்பன்பிஎஸ்டி 1998-லேயே உருவாக்கியது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி அதைச் சேர்த்துக்கொண்டது 2023-ல். இடைப்பட்ட 25 ஆண்டுகளும் எத்தனையோ மென்பொருள்கள் அந்தச் சில வரிகளின் நகலைத் தாங்களே சுமந்தன. நூலகப் பராமரிப்பாளர்களின் பிடிவாதம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இஃப்டெஃப் நிறைந்த நிரல் பார்க்க அழகாக இருக்காது. எந்த வரி எங்கே உயிரோடு இருக்கிறது, எங்கே செத்துக் கிடக்கிறது என்று சட்டெனத் தெரியாது. துடைத்துப் போடக் கை துறுதுறுக்கும்.

இனி அந்த வரிக்கு வருவோம். எஸ்எஸ்எச்டியில் நுழைய வருகிறவருக்கு வழக்கமான அமைப்பில் 120 வினாடி அவகாசம். அதற்குள் தன்னை நிரூபிக்காவிட்டால் இயங்குதளம் ஒரு சிக்னல் அனுப்பும். டீமன் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே பாதியில் நிறுத்தி, அவகாசம் முடிந்ததைப் பதிவில் எழுதிவிட்டு வெளியேறும். ‘பாதியில்’ என்பதில்தான் வினை. கணக்குப்பிள்ளை பேரேட்டில் வரவை எழுதி, பற்றை எழுதுமுன் வேறொருவர் பேரேட்டைப் பிடுங்கி எழுதத் தொடங்கினால் கணக்கு என்ன ஆகும்? டீமன் நினைவகத்தை ஒதுக்கிக்கொண்டிருக்கும் நொடியில் சிக்னல் வந்து, பதிவெழுதும் செயற்கூறும் நினைவகம் கேட்டால் அதுதான் ஆகும். ஜிலிப்சியின் பதிவெழுதும் செயற்கூறு அப்படிக் கேட்கக்கூடியது. ஓப்பன்பிஎஸ்டியிலோ சிக்னலுக்கு நடுவிலும் ஆபத்தில்லாமல் பதிவெழுத 2001-லேயே தனிச் செயற்கூறு உண்டு.

இந்த ஓட்டை 2006-லேயே தெரிய வந்தது. அந்த ஆண்டு வந்த 4.4பி1 பதிப்பில்தான் நிபந்தனை வரியைச் சேர்த்தார்கள்: சிக்னலுக்கு நடுவே பதிவெழுதுவது பாதுகாப்பான தளமாக இருந்தால் எழுது, இல்லையென்றால் பேசாமல் வெளியேறு. பதினான்கு ஆண்டுகள் அந்த வரி தன் வேலையைச் செய்தது. 2020-ல் போனது. 2021 மார்ச்சில் வந்த 8.5பி1 முதல் 9.7பி1 வரை ஜிலிப்சி லினக்ஸ்களில் பழைய ஓட்டை மறுபடி திறந்தது. 32 பிட் லினக்ஸில் சராசரியாகப் பத்தாயிரம் முறை முயன்றால் அந்தப் பாழாய்ப்போன நொடி வாய்க்கும், ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் இயந்திரத்தின் முழு அதிகாரமும் கைக்கு வரும் என்று குவாலிஸ் செய்தே காட்டியது. ஓப்பன்பிஎஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

துப்புரவால் வந்த வினை இது முதலாவதல்ல. 2006-ல் டெபியன் லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தைப் பரிசோதித்த கருவி ஒன்று, தொடக்க மதிப்பு தராத நினைவகத்தைப் பயன்படுத்துவதாக எச்சரித்தது. ஒரே மாதிரியான இரண்டு வரிகளை நீக்கினார்கள். ஒன்று போனதால் நட்டமில்லை. மற்றொன்று தற்போக்கு எண்களுக்கான மூலப்பொருளை ஊட்டிய வரி. அதன்பின் உருவான சாவிகள், ஒவ்வொரு வகையிலும் அளவிலும், சுமார் 32 ஆயிரம் சாத்தியங்களுக்குள் அடங்கிவிட்டன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2008 மே மாதம்தான் உலகுக்குத் தெரிந்தது.

அதற்காகப் பழைய வரிகளைத் தொடாமல் பூஜை செய்ய முடியாது. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெடித்ததும், இதே ஓப்பன்பிஎஸ்டி குழு அந்த நூலகத்தைப் பிரித்தெடுத்து லிப்ரெஎஸ்எஸ்எல் என்று வளர்த்தது. முதல் வாரத்திலேயே 90 ஆயிரம் வரிகளுக்கு மேல் வெட்டி எறிந்தார்கள். விஎம்எஸ், ஓஎஸ்/2, 16 பிட் விண்டோஸ் என்று ஆளில்லாத வீடுகளுக்காக வைத்திருந்த நிரல் அதில் நிறைய. நூலகம் தனக்கென வைத்திருந்த நினைவக ஏற்பாடு, இயங்குதளத்தின் பாதுகாப்புச் சோதனைகளுக்குத் தெரியாமல் பிழைகளை மூடி மறைத்ததும் அப்போது அம்பலமானது. வெட்டாமல் விட்டதன் ஆபத்து அது.

ஆக, வெட்டுவதா வேண்டாமா என்பதல்ல கேள்வி. அந்த வரி எதற்காக வந்தது என்ற காரணம் எங்கே பதிந்திருக்கிறது என்பதே. 2006-ன் காரணம் நிரலைப் பார்த்தாலே புரியும்படி இல்லை. அந்த வரியை எடுத்தால் கூச்சலிட ஒரு தானியங்கிச் சோதனையும் இல்லை. எப்போதோ ஒருமுறை வாய்க்கும் நொடிக்குச் சோதனை எழுதுவது லேசல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.

2024 ஜூலை 1 அன்றே வந்த 9.8பி1 பதிப்பில் அந்த ஓட்டையை அடைத்ததோடு, டீமனையும் இரண்டு நிரல்களாகப் பிரித்துவிட்டார்கள்: இணைப்புக்குக் காத்திருப்பது ஒன்று, உள்ளே வந்தவரைக் கவனிப்பது வேறொன்று. வரியைக் காப்பாற்றுவதைவிட அமைப்பை மாற்றுவது நல்ல பாதுகாப்பு என்பது என் கட்சியும்.

சொந்தமாக லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் எஸ்எஸ்எச் பதிப்பு எண்ணை ஒருமுறை பாருங்கள். 8.5 முதல் 9.7 வரை ஏதாவதொன்றாக இருந்தால் உடனே பதற வேண்டாம். பல லினக்ஸ் வெளியீடுகள் எண்ணை மாற்றாமலே திருத்தத்தைச் சேர்த்திருக்கின்றன. உங்கள் வெளியீட்டின் பாதுகாப்பு அறிவிப்பில் இந்த ஓட்டைக்கான சிவிஇ-2024-6387 என்ற அடையாள எண்ணைத் தேடி உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் இன்றே புதுப்பித்துவிடுங்கள்.