சல்லடையில் சிக்காத அழுக்கு

“தண்ணீர் பளிங்குபோல் தெளிவாகத்தானே இருந்தது, சார்! பிறகு ஏன் செத்தன?”

கண்கலங்கியபடி என்னிடம் இப்படிக் கேட்டார் எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர். புதிதாகக் கண்ணாடித் தொட்டி வாங்கி, உப்பு நீர் நிரப்பி, முதல் நாளே இரண்டு கோமாளி மீன்களை விட்டிருந்தார். கடையிலேயே பெரிய வடிகட்டி ஒன்றையும் வாங்கிப் பொருத்தியிருந்தார். பத்தாம் நாள் இரண்டும் மிதந்தன.

அவருடைய கேள்விக்கு விடை காண, நீங்கள் ஒரு சிறு சோதனை செய்யலாம். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி சர்க்கரையைக் கரைத்து டீ வடிகட்டியில் ஊற்றுங்கள். சர்க்கரை தங்குமா? தங்காது. மீன் தொட்டியில் உண்மையான நஞ்சும் இப்படிக் கரைந்த அழுக்குத்தான். அது கண்ணுக்கும் தெரியாது, பஞ்சிலும் சிக்காது.

அம்மோனியா செய்யும் கேடு

மீன் தன் செவுள்களின் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட இரை அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். பரந்த கடலில் இது ஒரு பொருட்டே அல்ல. தொட்டியிலோ அதற்குப் போக்கிடம் இல்லை. மேலும், கடல்நீரின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 8.2. பி.எச். 7 உள்ள நன்னீரோடு ஒப்பிட்டால், கடல்நீரில் அம்மோனியாவின் நச்சு வடிவம் பத்து மடங்குக்கும் மேல்.

இயற்கை இதற்கு மருந்து வைத்திருக்கிறது. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். ஆனால் இவை பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மீனை விட்டதுதான் அந்த மாணவர் செய்த பிழை.

1980-களில் அமெரிக்காவில் சொட்டு வடிகட்டிகள் பரவின. பிளாஸ்டிக் பந்துகளின் மேல் நீரைச் சொட்டவிட்டு, அவற்றில் இந்தப் பாக்டீரியாக்களை வளர்க்கும் முறை அது. அம்மோனியா விரைவில் நைட்ரேட் ஆயிற்று. நைட்ரேட் அங்கேயே நின்றுவிட்டது! மீன்கள் ஓரளவு தாங்கும். பவளங்கள் நலிந்துபோகும், பாசி அவற்றை மூடிவிடும்.

பாறையும் குமிழியும்

1961-ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், தம் தொட்டியில் வடிகட்டியே இல்லை என்று எழுதி வியப்பூட்டினார். கடலிலிருந்து எடுத்த துளைகள் நிறைந்த பாறைகள், மெல்ல எழும் காற்றுக் குமிழிகள், அவ்வளவே. பாறையின் மேற்புறத்தில் ஆக்சிஜன் உண்டு. அங்கே நைட்ரேட் உண்டாகிறது. உள் துளைகளில் ஆக்சிஜன் இல்லை. அங்கு வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு நைட்ரஜன் வாயுவை விடுகின்றன. வாயு காற்றோடு போய்விடுகிறது.

பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் இந்தப் பாறைகளோடு ஒரு கருவியைச் சேர்த்தார்கள். கடைகளில் அதன் பெயர் புரோட்டீன் ஸ்கிம்மர். நாம் நுரைப்பான் என்போம். இனிப் பேச்சு இயற்பியலுக்கு வருகிறது.

பருப்பு கொதிக்கும்போது நுரை பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். புரத மூலக்கூற்றின் சில பகுதிகள் நீரை நாடும். சில பகுதிகள் நீரை வெறுக்கும். எனவே அது நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். பரப்பு கூடினால், பிடிபடும் அழுக்கும் கூடும்.

கணக்கைப் பாருங்கள். 1 கன செ.மீ. காற்று ஒரே குமிழியாக இருந்தால் அதன் பரப்பு சுமார் 4.8 ச.செ.மீ. அதையே 0.5 மி.மீ. விட்டமுள்ள குமிழிகளாக்கினால் ஏறத்தாழ 15,000 குமிழிகள். மொத்தப் பரப்பு 120 ச.செ.மீ. காற்றின் அளவு மாறவில்லை. பரப்பு மட்டும் 25 மடங்கு! சிறு குமிழி மெதுவாகவும் ஏறும். அழுக்கு ஒட்ட நேரம் கிடைக்கும். மேலே சேரும் பழுப்பு நுரை ஒரு கிண்ணத்தில் வழிந்து விழும். அது அழுகி அம்மோனியா ஆவதற்கு முன்பே நீரைவிட்டு வெளியேறிவிடுகிறது.

நன்னீர்த் தொட்டியில் இக்கருவி சரியாக வேலை செய்யாது. ஏன்? சோப்பு படாத இரண்டு பாட்டில்களில் அரை லிட்டர் நீர் எடுங்கள். ஒன்றில் மூன்று தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் நன்றாகக் குலுக்கி வையுங்கள். நன்னீர் சட்டெனத் தெளியும். உப்பு நீர் சற்று நேரம் பால்போல் கலங்கியிருக்கும். உப்பு நீரில் குமிழிகள் எளிதில் ஒன்றோடொன்று இணைவதில்லை.

வாங்குமுன் மூன்று கேள்விகள்

முதலாவது: இக்கருவி எந்த அழுக்கை எடுக்கிறது? பஞ்சு துகள்களை எடுக்கும். கிளர்வூட்டப்பட்ட கரி நீரின் மஞ்சள் நிறத்தைப் போக்கும். நுரைப்பான் புரதத்தை எடுக்கும், அம்மோனியாவை எடுக்காது. அது பாறையின் வேலை.

இரண்டாவது: எடுத்த அழுக்கு நீரைவிட்டு வெளியே போகிறதா? பஞ்சில் தங்கிய அழுக்கு நீருக்குள்தான் இருக்கிறது. சில நாட்களுக்கு ஒருமுறை கழுவாவிட்டால் அங்கேயே அழுகும்.

மூன்றாவது: மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? மூடிய உருளை வடிகட்டியில் நீரோட்டம் நின்றால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியாக்கள் மடியும். திறந்த தொட்டியிலுள்ள பாறைக்கு மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுப் பம்பு கைகொடுக்கும்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது. துளையுள்ள பீங்கான் கற்களிலும் பாக்டீரியா வளரும். கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையும் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்டுள்ளது.

அந்த மாணவர் மீண்டும் தொட்டி வைத்தார். இம்முறை ஆறு வாரங்கள் மீனே இல்லாமல் காத்திருந்தார். நாள்தோறும் அம்மோனியாவைச் சோதித்துக் குறித்துவைத்தார். அளவு சுழிக்கு இறங்கிய பிறகே மீன் வாங்கினார்.

அடுத்த முறை கடற்கரைக்குப் போனால் அலை விட்டுச்செல்லும் நுரையைக் கவனியுங்கள். அலை உடைந்து பிறக்கும் கோடிக்கணக்கான குமிழிகள், கரைந்த அழுக்கைச் சுமந்து கரையில் ஒதுக்குகின்றன. கடலுக்கும் ஒரு நுரைப்பான் உண்டு!