நீல நிறத் தாளும் அயலார் நித்திரையும்

லண்டன் மாநகரில் புதிதாகத் திறக்கப்படவிருக்கும் உணவகம் ஒன்றின் வாசலை நெருங்கிப் பார்த்தால், உள்ளே தச்சர்கள் மேசைகளுக்கு மெருகேற்றிக்கொண்டிருக்கும்போதே, வெளியே கண்ணாடியில், போவோர் வருவோர் நின்று படிக்கத்தக்க உயரத்தில், வெளிர் நீலத் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். இன்னார் இந்த இடத்தில் மதுபானம் விற்க லைசென்ஸ் கேட்கிறார், ஆட்சேபம் உள்ளவர்கள் இன்ன தேதிக்குள் எழுத வேண்டும் என்ற விவரங்கள் அதில் கறுப்பு மையில் அச்சிடப்பட்டிருக்கும். தாளின் நிறத்தையும், அது ஏ-4 அளவுக்குக் குறையக் கூடாது என்பதையும், எழுத்து 16 புள்ளிக்குச் சிறுக்கக் கூடாது என்பதையும்கூடச் சட்டமே விதித்திருக்கிறது. 28 நாள் அது அங்கே இருக்க வேண்டும். அவசரமாக அலுவலகம் செல்கிறவர் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் எதிர் மாடியில் குடியிருக்கும் குடும்பத்துக்கு, வரப்போகும் வருஷங்களின் இரவுகள் எப்படிக் கழியும் என்பது பெரும்பாலும் அந்த 28 நாளில்தான் நிர்ணயமாகிறது.

முதல் உலக யுத்த காலத்தில், வெடிமருந்துச் சாலைத் தொழிலாளர் குடித்துவிட்டு வேலைக்கு வராமல் போய்விடுவார்களோ என்ற பயத்தால் மதுக்கடைகளின் நேரத்தைச் சுருக்கிய அரசாங்கம், யுத்தம் முடிந்த பின்னும் அந்தக் கட்டுப்பாட்டை முழுவதும் தளர்த்தவில்லை. பொதுவாக இரவு 11 மணிக்குக் கதவடைப்பது என்ற வழக்கம் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. லைசென்ஸ் வழங்கும் அதிகாரமும் மாஜிஸ்திரேட்டுகளின் கையில் இருந்தது. 2003-இல் இயற்றப்பட்டு 2005 நவம்பர் 24 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முழு அமலுக்கு வந்த புதிய சட்டம் இந்த இரண்டையும் மாற்றிவிட்டது. எல்லாக் கடைகளும் ஒரே நிமிஷத்தில் மூடப்படுவதால் கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் தெருவில் கொட்டுகிறது என்பதைக் காரணமாகக் காட்டி, விரும்பிய நேரத்தைக் கேட்கும் உரிமை வியாபாரிக்கு அளிக்கப்பட்டது. முடிவு செய்யும் பொறுப்பு அந்தந்த வட்டார நகரசபைக்கு வந்து சேர்ந்தது.

இந்தச் சட்டத்துக்கு நான்கு நோக்கங்கள்: குற்றத்தையும் ஒழுங்கீனத்தையும் தடுத்தல், பொதுஜனப் பாதுகாப்பு, பொது உபத்திரவத்தைத் தடுத்தல், குழந்தைகளைத் தீங்கிலிருந்து காத்தல். இவற்றில் ஏதேனும் ஒன்றைப் பற்றியதாக இருந்தால்தான் அயலாரின் ஆட்சேபம் செல்லும். வீட்டு விலை குறைந்துவிடும் என்றோ, தெருவில் ஏற்கெனவே உணவகங்கள் போதுமான அளவு இருக்கின்றன என்றோ எழுதினால் பிரயோசனமில்லை. அதைவிட முக்கியமான ஒரு விஷயத்தைப் பலர் அறிந்திருப்பதில்லை. தகுதியான ஆட்சேபம் ஒன்றுகூட வராவிட்டால், முறைப்படி வந்த மனுவை நகரசபை அனுமதித்தே ஆக வேண்டும். மறுக்க அதற்கு அதிகாரமே கிடையாது. மௌனம் சம்மதம் என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை அங்கே சட்டமே சொல்கிறது. ஆட்சேபம் வந்தால் மூன்று கவுன்சிலர்கள் உட்கார்ந்து இரு தரப்பையும் விசாரிக்கிறார்கள். 'சத்தம் அதிகமாக இருக்கும்' என்று பொதுவாகச் சொல்கிறவரைவிட, 'என் குழந்தை படுக்கும் அறையின் ஜன்னல் உங்கள் பின்கட்டுக் குப்பைத் தொட்டியிலிருந்து பன்னிரண்டு அடி தூரத்தில் இருக்கிறது' என்று சொல்கிறவரின் வார்த்தை அங்கே எடுபடும்.

குப்பைத் தொட்டியைச் சொன்னது காரணத்தோடுதான். உணவகத்தின் சத்தம் என்றால் சங்கீதம் என்று நினைக்கிறோம். சங்கீதத்தின் தாழ்ந்த ஸ்வரங்கள் சுவரை ஊடுருவி வருவது உண்மையே. ஆயினும் அதை அடக்க யந்திரம் இருக்கிறது. நடுநிசிக்குமேல், வாடிக்கையாளர் எல்லோரும் போனபின், களைத்துப்போன பணியாள் ஒருவன் காலிப் புட்டிகள் நிறைந்த பெட்டியைத் தூக்கிவந்து இரும்புத் தொட்டியில் கவிழ்க்கும்போது எழுகிறதே, அந்த ஓசைதான் ஆழ்ந்த நித்திரையையும் அறுத்துவிடுகிறது. அதற்குமுன் நாற்காலிகளை இழுத்து அடுக்கும் ஓசை. வாசலில் நின்று நீளும் விடைபெறுதல். டாக்ஸிக் கதவுகளின் அறைதல். 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் உணவகம் போன்ற மூடிய பொது இடங்களுக்குள் புகைபிடித்தல் தடை செய்யப்பட்டது. தேக ஆரோக்கியத்துக்குப் பெரும் நன்மை செய்த அந்தத் தடையே, புகைப்பவரையும் அவர் பேச்சையும் சிரிப்பையும் ஜன்னலடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஆகவேதான், இரவு 11 முதல் காலை 8 வரை புட்டிகளைக் கொட்டக் கூடாது, ஜன்னல்களைச் சாத்த வேண்டும், உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு மட்டுமே மது பரிமாற வேண்டும் என்பன போன்ற சிறு சிறு நிபந்தனைகள் லைசென்ஸில் எழுதப்படுகின்றன. அவற்றை அற்பமென்று எண்ணுகிறவர் அப்படிப்பட்ட ஜன்னலருகே ஓர் இரவாவது படுத்துப் பார்க்க வேண்டும்.

வியாபாரியின் கஷ்டமும் பொய்யல்ல. லண்டனின் கிழக்கு ஹாமிலும் டூட்டிங்கிலும் உணவகம் நடத்தும் நம் தமிழர்களும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்களே. மது விற்காதவர்கூட, இரவு 11-க்குமேல் சூடான கொத்து ரொட்டியோ தேநீரோ விற்பதற்குப் பொதுவாக லைசென்ஸ் பெற்றாக வேண்டும். வாடகையும் கூலியும் போக அவருக்கு மிஞ்சுவது பல சமயம் இரவின் கடைசி நேர விற்பனைதான்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. கட்டடத்தை இவ்வளவு நுணுக்கமாக அளக்கும் இச்சட்டம், வாடிக்கையாளர் வாசலைக் கடந்து சற்றுத் தூரம் போய்விட்டால், அப்பால் அவரவர் நடத்தைக்கு அவரவரே பொறுப்பு என்று ஒதுங்கிவிடுகிறது. ஒரு கடைக்கு இது நியாயமாகலாம். அடுத்தடுத்து ஐம்பது கடைகள் இருக்கும் தெருவில், யாருடைய வாடிக்கையாளர் கூச்சலிட்டார் என்று எப்படி நிரூபிப்பது? லண்டனின் ஸோஹோ பகுதியை உள்ளடக்கிய வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை போன்றவை, கடைகள் திரண்டு செய்யும் பாதிப்பையே தனிக் காரணமாகக் கொண்டு, புதியவற்றுக்குக் கடுமையான கொள்கை வகுத்திருப்பது இதனால்தான். ஏற்கெனவே லைசென்ஸ் பெற்றவர்களை அந்தக் கொள்கை தொடுவதில்லை.

அவர்களைத் தொட மறுபரிசீலனை கேட்கும் உரிமை இருக்கிறது. எந்தக் குடியிருப்பாளரும் கேட்கலாம். அதற்கு அவர் படுக்கையருகே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, விழித்த தேதி, மணி, கேட்ட ஓசை ஆகியவற்றை வாரக் கணக்கில் எழுதி வர வேண்டும். நல்ல முதலாளிகள் விஷயத்தை அவ்வளவு தூரம் போக விடுவதில்லை. கடை திறந்திருக்கும் வரை மானேஜரே எடுத்துப் பேசும் டெலிபோன் எண்ணை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் சில லைசென்ஸ்களில் உள்ள நிபந்தனை. அப்படிப்பட்ட தெருக்களில் அந்த எண், பால் கணக்குக்கும் டாக்டர் விலாசத்துக்கும் பக்கத்தில், சமையலறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும்.