ஒரு குடியரசு, மூன்று வாக்காளர் பட்டியல்கள்: காரைக்காலில் வாக்குரிமையும் இனச் சமத்துவமும் (1871–1945)

முன்னுரை

சமத்துவத்தைச் சட்டத்தில் எழுதுவது ஒரு பணி. அதனை நடைமுறைக்குக் கொணர்வது வேறொரு பணி. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபின், கறுப்பின மக்களின் குடியுரிமையைக் காக்கும் சட்டமுன்வடிவுக்குக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் 1866இல் ஒப்புதல் தர மறுத்தார். நாடாளுமன்றத்துடன் அவருக்கிருந்த மோதல் முற்றி, 1868இல் அவர்மீது பதவிநீக்க விசாரணை நடைபெற்றது. மேலவையில் 35 பேர் அவருக்கு எதிராகவும் 19 பேர் ஆதரவாகவும் வாக்களித்தனர். ஒரே வாக்குக் குறைவால் அவர் பதவியில் நீடித்தார். இனத்தின் பெயரால் வாக்குரிமையை மறுத்தலாகாது எனப் பதினைந்தாம் திருத்தம் 1870இல் விதித்தது. பின்னர்த் தென்மாநிலங்கள் வாக்குவரியாலும் எழுத்தறிவுத் தேர்வாலும் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலிலிருந்தே விலக்கின. ஏறத்தாழ அதே காலத்தில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலிலும் சமத்துவத்தின் அளவைப் பட்டியலே தீர்மானித்தது. ஆனால் அங்குக் கையாளப்பட்ட வழி வேறு.

வாக்குரிமையின் வரவு

1848ஆம் ஆண்டுப் புரட்சி பிரெஞ்சிந்தியாவிற்குப் பாரிசு நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் இடத்தை வழங்கியது. இரண்டாம் பேரரசு அதனைப் பறித்தது. பேரரசு வீழ்ந்தபின், பாரிசு உள்நாட்டுப் போரைக் கண்ட அதே 1871ஆம் ஆண்டில் அவ்விடம் மீண்டும் கிடைத்தது. காரைக்காலின் தமிழ் ஆடவர், தம் மரபுவழித் தனிநிலைச் சட்டத்தைக் கைவிடாமலே, பிரான்சின் சட்டமியற்றும் அவைக்கு வாக்களித்தனர். அன்று பிரித்தானிய ஆட்சியிலிருந்த அண்டைத் தஞ்சை மாவட்டத்தில் இத்தகைய உரிமை எவருக்கும் இல்லை.

1879இல் பொதுமன்றமும் வட்டார மன்றங்களும் அமைந்தன. 1880இல் கொம்யூன்கள் உருவாயின. காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு ஆகிய மூன்றும் இப்பகுதியின் கொம்யூன்களாயின. வரவுசெலவும் உள்ளூர் அதிகாரமும் இம்மன்றங்களின் வழியே இயங்கியமையால், ஐரோப்பியர் தம் மேலாண்மையை இங்கேயே காக்க முனைந்தனர்.

தனிநிலை துறத்தல்

வழக்காறுகளின்படியே இந்தியர் தீர்ப்பளிக்கப்படுவர் என 1819ஆம் ஆண்டின் ஆணை உறுதியளித்திருந்தது. அவ்வுறுதி சமயத்தையும் குடும்ப மரபையும் காத்தது. சாதிப் படிநிலையையும் உடன் காத்தது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை மாற்றுவழி ஒன்றைத் திறந்தது. எச்சாதியினரும் எச்சமயத்தினரும் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து, குடும்பப் பெயர் ஒன்றை ஏற்று, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வரலாம். வந்தபின் மீள இயலாது. துறந்தோர் ‘ரெனோன்சான்’ எனப்பட்டனர்.

இவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றவர் வழக்குரைஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. ஐரோப்பியக் காலணியுடன் நீதிமன்றம் சென்றமைக்காக 1873இல் தண்டிக்கப்பட்டுப் பாரிசு உச்ச நீதிமன்றம்வரை சென்று வென்றவர் அவர். பின்னர் லப்போர்த் என்னும் பெயரை ஏற்றார். கிறித்தவரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் இவ்வழியைப் பெரிதும் நாடினர். சாதியொழுங்கைக் காக்க முயன்ற சண்முக வேலாயுத முதலியார் இதனைக் கடுமையாக எதிர்த்தார்.

மூன்று பட்டியல்கள்

ஐரோப்பியரின் சட்டத்தையே ஏற்ற பின்னர், அவர்தம் வாக்காளர் பட்டியலிலேயே தம்மைச் சேர்க்க வேண்டும் எனத் துறந்தோர் கோரினர். 1884ஆம் ஆண்டின் ஆணை அதற்கு விடையாய் அமைந்தது. மன்றத் தேர்தல்களுக்கு ஐரோப்பியரும் அவர் வழித்தோன்றல்களும் முதற்பட்டியல், துறந்தோர் இரண்டாம் பட்டியல், துறவாதோர் மூன்றாம் பட்டியல் என வாக்காளர் பிரிக்கப்பட்டனர். மக்கள்தொகையில் மிகச் சிறுபான்மையினரான ஐரோப்பியர், தம் எண்ணிக்கைக்குப் பன்மடங்கு மிகுதியான இடங்களைப் பெற்றனர்.

இங்கு நுட்பமான இடமாற்றம் ஒன்று நிகழ்ந்தது. ‘சட்டம் வேறு, ஆதலின் பட்டியலும் வேறு’ என்பதே பிரிவினைக்கு முன்பு கூறப்பட்ட நியாயம். சட்டம் ஒன்றானபின் அந்நியாயம் மறைந்தது, பிரிவினையோ மறையவில்லை. பிறப்பே அதன் உண்மையான அளவுகோல் என்பது அப்போது வெளிப்பட்டது. 1899இல் பட்டியல்கள் இரண்டாகக் குறைக்கப்பட்டன. அப்போதும் ஐரோப்பியர் பட்டியலே நிலைத்தது; துறந்தோருள் பெரும்பாலோர் இந்தியர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். மீள இயலாத துறவைச் செய்தவர்க்கு, அதற்கு ஈடாக வந்த அரசியல் தகுதி மட்டும் மீளப் பெறப்பட்டது. ஒரே பட்டியல் என்னும் நிலை இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1945இல்தான் வந்தது.

முடிவுரை

அமெரிக்கத் தென்மாநிலங்கள் வாக்காளரைப் பட்டியலிலிருந்து நீக்கின. பிரெஞ்சிந்திய ஆட்சி எவரையும் நீக்காமல், வாக்கின் எடையைப் பட்டியல்வழிக் குறைத்தது. முன்னது வெளிப்படையான மறுப்பு; பின்னது உரிமை வழங்கிய தோற்றத்தையே காத்துக்கொண்ட மறுப்பு. எனினும் 1881ஆம் ஆண்டின் ஆணை பயனற்றுப் போகவில்லை. சாதி வழக்காற்றின் பிடியிலிருந்து சட்டத்தின்வழி வெளியேறும் வாயிலாக ஒடுக்கப்பட்டோர்க்கு அது அமைந்தது. அன்று ஏற்ற பெயர்களைத் தாங்கிய குடும்பங்கள் இன்றும் உள்ளன. ஆகவே காரைக்காலின் வாக்குரிமை வரலாற்றை ஆராய்வோர், உரிமை வழங்கிய ஆணைகளோடு, வாக்குகளை எண்ணிய முறையை வகுத்த ஆணைகளையும் இணைத்தே பயிலுதல் வேண்டும்.