பெருநாள் வாழ்த்து: மரபும் எழுதும் முறையும்

‘வாழ்த்து’ என்னும் தமிழ்ச் சொல் ‘வாழ்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. அரபு மொழியில் இதற்கு வழங்கும் சொல் ‘தஹ்னிஆ’. உண்ட உணவு தொல்லையின்றிச் செரித்து உடலோடு பொருந்துவதைக் குறிக்கும் ‘ஹனீஅன்’ என்னும் சொல்லும் இதே வேரிலிருந்து வருவதாகும். மனைவி மனமுவந்து விட்டுக்கொடுக்கும் மஹர்ப் பகுதியைப் பற்றிப் பேசுமிடத்தில் திருக்குர்ஆன் (4:4) இச்சொல்லை ஆள்கின்றது. ஆகவே ஒருவரை வாழ்த்துவது என்பது, ‘உமக்குக் கிட்டிய இந்த நன்மை உமக்கு நலமாகப் பொருந்தட்டும்’ என்று வேண்டுவதாகும். அவ்வாறு வேண்டுவதற்கு, அவருக்குக் கிட்டிய நன்மை யாது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும். பெருநாள் வாழ்த்து எழுதுவோர் பெரிதும் மறந்துவிடுவது இதனையே.

பெருநாள், புதிய மாதம், பதவி முதலியவற்றை முன்னிட்டு மக்கள் வாழ்த்துக் கூறிக்கொள்வதற்கு நபிவழியில் அடிப்படை உண்டா என்னும் வினா, ஹிஜ்ரி 911இல் (கி.பி. 1505) மறைந்த இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தீ (ரஹ்) அவர்களிடம் பலமுறை எழுப்பப்பட்டது. அதற்கு விடையாக அவர்கள் தொகுத்த சிறு நூலே ‘வுஸூலுல் அமானீ பி உஸூலித் தஹானீ’. நபித்தோழர்கள் பெருநாளன்று ஒருவரையொருவர் சந்திக்கும்போது, ‘தகப்பலல்லாஹு மின்னா வ மின்க’, அதாவது ‘எங்களிடமிருந்தும் உங்களிடமிருந்தும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக’ என்று கூறிவந்த செய்தி அறிஞர்களால் எடுத்துக்காட்டப்படுகின்றது. அது துஆவாகவே அமைந்திருப்பது கருதத்தக்கது.

கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. தபூக் பயணத்தில் கலந்துகொள்ளாமையால் ஐம்பது இரவுகள் மக்களின் பேச்சுத் தொடர்பின்றி வாடிய அவர்களுடைய தவ்பா ஏற்கப்பட்டதும், அவர்கள் பள்ளிவாசலுக்குள் நுழைகின்றார்கள். முஹாஜிர்களுள் தல்ஹா (ரலி) அவர்கள் மட்டுமே எழுந்து விரைந்து வந்து கைகொடுத்து வாழ்த்தினார்கள். அதனைத் தாம் ஒருபோதும் மறக்கவில்லை என்று கஅப் (ரலி) அவர்களே கூறியுள்ளதை ஸஹீஹுல் புகாரியில் காண்கின்றோம். முதுமையில் பார்வையிழந்து, மகனின் கைப்பிடித்து நடந்த காலத்திலும் அந்த வாழ்த்து அவர்கள் நெஞ்சில் நின்றது. அவர்கள் பட்ட துயரை அறிந்த ஒருவரிடமிருந்து உரிய நேரத்தில் வந்த வாழ்த்து அது.

நேரில் கூறிய வாழ்த்து எழுத்தில் ஏறியபோது அரபுலகில் அது ஒரு கலையாகவே வளர்ந்தது. ஹிஜ்ரி 821இல் (கி.பி. 1418) மறைந்த அல்கல்கஷந்தீ, எழுத்தர்களுக்கென இயற்றிய ‘ஸுப்ஹுல் அஃஷா’ என்னும் பெருநூலில் வாழ்த்துக் கடிதங்களுக்குத் தனியிடம் ஒதுக்கியுள்ளார். ஐரோப்பாவிலோ, 1843ஆம் ஆண்டு இலண்டனில் ஹென்றி கோல் வெளியிட்ட அட்டை, வணிகமுறையில் வெளிவந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையாகக் கருதப்படுகின்றது. இந்தியாவில் 1879இல் அஞ்சலட்டை அறிமுகமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பதிற்றாண்டுகளில் லாகூர், டில்லி, பம்பாய் நகரங்களில் ஈத் வாழ்த்து அட்டைகள் விற்பனைக்கு வந்தன. தமிழகத்தில் பொங்கல் வாழ்த்து அட்டைகளுக்கு இருந்த வரவேற்பை ஐம்பது வயதைக் கடந்தோர் நன்கறிவர். தந்தி நிலையங்களில் வாழ்த்துத் தொடர்களுக்கு எண்கள் தரப்பட்டிருந்தன. அனுப்புவோர் எண்ணைக் குறித்தால் போதும், சேருமிடத்தில் தொடர் முழுமையாக எழுதப்பட்டுவிடும். 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. ஆயினும் ஆயத்தத் தொடரை அனுப்பும் பழக்கம் நம் கைப்பேசிகளில் முன்னினும் பெருகியுள்ளது.

வாழ்த்தெழுதுவதில் நான் கற்ற முதற்பாடம் மதரஸாவில் கற்றதன்று. 1980களின் நடுப்பகுதியில், அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்து இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள லப்பைக்குடிகாட்டில், ரமலான் விடுமுறைக்காக உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். வெள்ளாற்றங்கரையிலுள்ள அவ்வூரின் ஆண்கள் பலர் அப்போதே வளைகுடா நாடுகளில் பணியாற்றிவந்தனர். அண்டை வீட்டுப் பெரியம்மா ஒருவர் வாழ்த்து அட்டை ஒன்றைக் கொண்டுவந்து, கணவருக்கு எழுதித்தருமாறு கேட்டார். கடிதம் சேர நாளாகும் என்பதால் நோன்பின் முதற்பத்திலேயே எழுதியாக வேண்டும். நான் கற்ற அரபுத் தொடர்களையெல்லாம் அடுக்கி, அழகுற எழுதிப் படித்துக்காட்டினேன். பெரியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இத யாரு வேணும்னாலும் எழுதலாமே. நான் எழுதச் சொன்னதுன்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்? சின்னவன் குர்ஆன் ஓதி முடிச்சத எழுது. கொல்லையில அவுக வச்ச தென்னை பாள விட்டுருக்கு, அத எழுது” என்றார்.

அட்டையின் ஓரத்தில் அவ்விரு செய்திகளையும் சிற்றெழுத்தில் எழுதினேன். பல்லாண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பிய அப்பெரியவர் என்னைக் கண்டபோது, அந்த ஓர வரிகளை அப்படியே ஒப்பித்தார். நான் அடுக்கிய அரபுத் தொடர்களில் ஒன்றையும் அவர் குறிப்பிடவில்லை.

இவற்றிலிருந்து எழுதும் முறை தெளிவாகின்றது. முதலில், பெறுபவரைப் பெயரிட்டோ உறவுமுறை கூறியோ அழைத்தல் வேண்டும். அடுத்து, அவருக்கென ஒரு துஆ. பின்னர், அவருடைய இவ்வாண்டு வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் குறிப்பிடுதல். மகளின் தேர்ச்சி, நோயிலிருந்து மீண்டமை, புதிதாகக் கட்டிய வீடு, எதுவாயினும் ஆகலாம். நான்கைந்து வரிகளே போதுமானவை.

மரணம் நிகழ்ந்த வீட்டுக்கு அவ்வாண்டின் முதற்பெருநாளன்று பூக்களும் பிறையும் மின்னும் படத்தை அனுப்புவது பண்பாகாது. மறைந்தவரின் பெயரைச் சொல்லி, அவருக்காகத் துஆச் செய்தோம் என்று எழுதினால் அவ்வீட்டாருக்கு ஆறுதலாக இருக்கும். தம் இழப்பைப் பிறர் மறந்துவிடவில்லை என்பதையே அவர்கள் எதிர்பார்க்கின்றனர்.

பிற சமயத்தாருக்கு எழுதுங்கால் என்ன எழுதுவது எனச் சிலர் தயங்குகின்றனர். அரியலூரில் வாழும் என் கல்லூரித் தோழர் ஒருவர் வேளாண் குடும்பத்தவர். பெருநாள்தோறும் தவறாமல் எனக்கு எழுதுகின்றார். தை பிறந்ததும் நானும் அவருக்கு எழுதுகின்றேன். அவருடைய மக்காச்சோளம் நன்கு விளைய வேண்டும், மழை உரிய காலத்தில் பொழிய வேண்டும், தாயாரின் முழங்கால் வலி தீர வேண்டும் என்பன என் வரிகள். என் ஈமானுக்குப் பொருந்த இறைவனிடம் நான் மெய்யாகவே கேட்கும் நன்மைகள் இவை. முகமன் கூறப்பட்டால் அதனினும் அழகியதையோ, அதற்கு ஈடானதையோ கூறவேண்டும் என்பது திருக்குர்ஆன் (4:86) கற்பிக்கும் ஒழுங்கன்றோ!

வந்த படத்தை அப்படியே இருநூறு பேருக்குத் திருப்பி அனுப்புவதில் குற்றம் ஏதும் இல்லை. ஆயினும் அந்த இருநூற்றில் ஐவரையேனும் தெரிந்தெடுத்து, அவர்களுக்குத் தம் கையாலோ விரலாலோ தனித்தனியே எழுதுமாறு வாசகர்களை வேண்டுகின்றேன். தனித்து வாழும் முதியோரும், நாடுவிட்டுச் சென்று உழைப்போரும் அந்த ஐவருள் இடம்பெறட்டும்.

தகப்பலல்லாஹு மின்னா வ மின்கும்.